ஈரக்குடையின் மரணம்

மலைக்குள் விழுந்த ஸன்மி அக்கா பத்து நிமிடமாக வெளியே வரவில்லை.

எல்லாம் திரையில்தான். கடையில் விற்ற ஒரு பழைய வாள்சண்டை கேமுக்குள் தாங்களே புது ஊரும் ஆறும் மலையும் கட்டிச் சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிற ஏழு பேர் கூட்டம் அது. மோட் போடுகிறவர்கள் என்று பெயர். தேகு நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஸன்மிதான் தலைவி. வெளியிட மூன்று வாரம் இருக்க, தரை எங்காவது ஓட்டையாக இருக்கிறதா என்று ஞாயிறு மத்தியானம் நடந்து பார்த்தாள். உச்சிப் பாறையிடுக்கில் கால் வைத்தவள் பொத்தென்று உள்ளே போய்விட்டாள்.

மலைக்குப் பொறுப்பான கிபோமுக்கு அங்கிருந்தபடியே ஃபோன் செய்தாள்.

"கிபோம், உன் மலைக்கு அடியில ஒரு குடை கிடக்கு. சிவப்புக் குடை. நனைஞ்சு சொட்டுது. அதை எதுக்கு அங்க வச்ச?"

கிபோம் வைக்கவில்லை. மலையையே அவன் வைக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் ‘ஈரக்குடை’ என்ற புனைபெயரில் யாரோ இணையத்தில் போட்ட மலை அது. போட்டவர் பிறகு ஆளே காணோம். கேட்பாரில்லை என்று எடுத்து, மேலே நாலு பைன் மரத்தை நட்டு, வருடம் முழுக்கக் கல் கல்லாகச் செதுக்கினேன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டான். மலைக்கு மேலே ஏறுகிறவர்கள் உண்டு, அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்? அவனே பார்த்ததில்லை.

அந்த மலைக்காகத்தான் தொடக்கத் திரையில் அவன் பெயரை முதலில் போடுவதாக முடிவாகியிருந்தது. லென்ஸ் தேய்க்கிற பட்டறையிலேயே முப்பத்தெட்டு வயதாகிவிட்டவனுக்கு, பெயர் முதலில் வரப்போகிற ஒரே இடம்.

"ஈரக்குடைன்னு ஒருத்தர் இருந்தாரில்ல அக்கா, அவருக்கு ஒரு மரியாதைக்காக வச்சேன். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரு."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஸன்மிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெயர் மட்டுமே கேள்விப்பட்ட ஈரக்குடையையே தெரியுமா, அப்படியானால் அந்தக் குடை அவர் முத்திரை, அதைப் போட அவர் கையால் அனுமதி எழுதி வாங்கிக்கொடு என்றாள். கூட்டத்தின் சட்டம் அது. அடுத்தவர் செய்த தாழ்ப்பாளானாலும் கடிதம் வேண்டும். போன வருடம் எவனோ போட்ட அடுப்புப்புகையை எடுத்து ஒட்டிய ஒருவனை அன்றைக்கே வெளியேற்றிவிட்டார்கள்.

கேமுக்குக் கதவும் ஜன்னலும் செய்கிற தோசிக் மட்டும் வேண்டாமென்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், பேச்சுக் குறைவு. ஒதுங்கிப் போன மனிதரை ஏன் இழுக்கவேண்டும் என்று கேட்டார். கிபோமுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஸன்மி கேட்கவில்லை.

கிபோம் ‘ஈரக்குடை’ என்று ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கடிதம் எழுதினான். ‘மனமார அனுமதிக்கிறேன்.’ அதோடு விட்டிருக்கலாம். ‘கிபோம் என்னைவிடத் திறமைசாலி’ என்று ஒரு வரி சேர்த்தான், வெட்கப்பட்டு அழித்தான், மறுபடி சேர்த்தான்.

கூட்டம் கொண்டாடியது. ஆளாளுக்கு ஈரக்குடைக்குக் கடிதம் எழுதினார்கள். வெளியீட்டு விருந்துக்கு அவர் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். பட்டறையில் சாப்பாட்டு வேளை முழுக்க உட்கார்ந்து கிபோம் பதில் போட்டான். கடைசியில், கல்லீரல் கெட்டுவிட்டது, நடமாட முடியவில்லை என்று ஈரக்குடையைப் படுக்கையில் போட்டான்.

படுக்க வைத்தது மருந்துக்கடைக்காரியின் எதிரில் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று ஸன்மி கேட்டு எழுதினாள். இணையத்தில் கண்ணில் பட்ட ஒரு பெயரைப் போட்டான்.

"கிபோம், அது வாயும் வயிறுமா இருக்கிற பொம்பளைங்களுக்குக் கொடுக்கிறது. எந்த டாக்டர் எழுதினான்? நம்பர் வாங்கு, நான் பேசறேன்."

வேறு வழியில்லை. மறுநாள் ஈரக்குடை இறந்துபோனார்.

முதல் இரங்கல் தோசிக்கிடமிருந்து வந்தது, கால் மணி நேரத்துக்குள். ‘அவர் நிம்மதியாக இருக்கட்டும். இனி யாரும் அவரைத் தேடவேண்டாம்.’ மற்றவர்கள் எந்த இழவு மண்டபம் என்று கேட்டார்கள். இரண்டு பேர் கறுப்புக் கோட்டோடு பஸ் நிலையத்துக்கே போய்விட்டார்கள். குடும்பத்தோடு முடித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார்களாம் என்று சொல்லித் திருப்பியழைப்பதற்குள் கிபோமின் சட்டை நனைந்துவிட்டது.

சாவுக்குப் போகமுடியாத குறையைத் தீர்க்க, வெளியீட்டு விருந்தையே நினைவுக்கூட்டமாக்கினார்கள். தொடக்கத் திரையில் முதல் பெயர் கறுப்புக் கட்டத்துக்குள் ஈரக்குடை. அடுத்த வரியில், சின்ன எழுத்தில், ‘அவர் மாணவன் கிபோம்’.

விருந்து, மேசை அடுப்பிலேயே குடலைச் சுட்டுச் சாப்பிடுகிற ஒரு கடையின் மாடியறையில். இறந்தவர் முகம் யாருக்கும் தெரியாததால், மலைக்கடியில் இருந்த சிவப்புக் குடையைப் படமெடுத்து, சட்டம் போட்டு, கறுப்பு நாடா கட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். பரிமாற வந்த பெண் படத்தைப் பார்த்தாள், கறுப்பு உடையில் இருந்தவர்களைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மிளகாய்த் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு பேரும் குடைக்கு இரண்டு முறை நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினார்கள். தோசிக் தோள் குலுங்க அழுதார். கிபோம் இரங்கலுரையைப் பிரித்தான். ‘என் குருவே’ என்று படித்தான். ஸன்மி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சாகல, அக்கா." காகிதத்தை மடித்தான். "அவரை எனக்குத் தெரியவே தெரியாது. கடிதாசி எல்லாம் நான் எழுதினது. மலை அவரோடது. நான் திருடிட்டேன்."

அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சீறியது. யாரும் புரட்டவில்லை.

"மூணு நாளா கறுப்பு உடுத்திக்கிட்டுக் கடையில நின்னேன்டா," என்றாள் ஸன்மி, மெதுவாக. கத்தியிருந்தால் தேவலை. "எங்கயோ உசுரோட இருக்கிற மனுஷன். அவரு மலையையும் எடுத்து, அவரையும் கொன்னு… நாளைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"தேடிப் பிடிச்சு அவரு முன்னால மண்டி போடறேன் அக்கா. பேரை எடுத்துருங்க. என்னையும் எடுத்துருங்க."

சொல்லிக்கொண்டே அங்கேயே மண்டி போட்டுவிட்டான். தலையை நிமிர்த்த முடியவில்லை. எதிரில் தோசிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கயும் தேட வேண்டாம் தம்பி, அந்த ஈரக்குடை நான்தான், ஆனா எனக்கு மண்டி போடாதே, அடியில குடைய வச்சது மட்டும்தான் என் வேலை, மலைய நானும் திருடித்தான் கொண்டாந்தேன்."