தகரக் கூரைக்கு அடியில் ஒரு டெண்டர்

டெண்டர் போட்ட கான்ட்ராக்டர்களைப் பட்டப்பகலில் பாய் விரித்துப் படுக்கவைத்த ஆபீசர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஃபேன் மாமா.

கொச்சியில் மின்சார ஆபீசில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பாலக்காட்டுத் தமிழர், மலையாளிகளும் அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள். ஏழை வீடுகளுக்கு, மின்சாரம் குறைவாக இழுக்கும் ஃபேனை இலவசமாக மாட்டிக்கொடுக்கும் திட்டம் வந்தது. டெண்டர் போடுகிறவர்கள் கொடுக்கும் மாதிரி ஃபேனை அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மதியம் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேறியவர்களில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று விதியில் இல்லை. மாமா அதைத் தானே நிரப்பிக்கொண்டார். கான்ட்ராக்டர் தன் ஃபேனுக்கு அடியில் தானே படுக்க வேண்டும்.

அதற்கு மட்டாஞ்சேரியிலேயே மோசமான அறையைத் தேடிப் பிடித்தார். திண்டுக்கல்லிலிருந்து வந்து துணி தேய்க்கும் செல்வியின் ஒற்றை அறை அது. மேலே தகரம், ஜன்னல் கிடையாது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன அவள் கணவர் முருகேசன் அங்கேதான் கட்டிலில் கிடந்தார். அந்த மனிதருக்குக் காற்று வர வேண்டும். மாமாவுக்கு மொத்த டெண்டரும் அவ்வளவுதான்.

முதலில் வந்த கலூர் ஏரியா கான்ட்ராக்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சாரே, இது டெண்டரா, சிகிச்சையா?" என்றார்.

"பேசப்படாது. படுத்துக்கோங்கோ," என்றார் மாமா.

கலூர்காரர் பாதியிலேயே எழுந்து ரோட்டுக்கு ஓடிவிட்டார். பாதியில் நின்ற டெஸ்ட் செல்லாது என்று மேலிடம் சொல்லிவிட, மாமா அவரை மறுபடி பிடித்துவந்து படுக்கப்போட்டார். அடுத்து, வைப்பின் தீவிலிருந்து வந்தவர் வேட்டிக்குள் ஈரத்துண்டை ஒளித்து வைத்திருந்தார். மாமா அதைப் பிடுங்கி, செல்வியிடம் துணிக்குத் தெளிக்கக் கொடுத்துவிட்டார். மூன்றாவதாக வந்த தேவரா ஏரியா ஆள் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினார். மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். குறட்டைக்கு முழு மார்க் போட்டார்.

நாலாவது ஆள்தான் எல்லாரிலும் விலை குறைவு. ஃபேனை மட்டும் அனுப்பிவிட்டு, படுக்கச் சொல்ல விதியில்லை என்று புகார் கொடுத்துவிட்டார்.

"ஃபேன் ஓடினா போதும் சாரே. ஆள் கிடக்க வேண்டா," என்றார் மேலதிகாரி.

"அப்போ நான் படுத்துக்கறேன்," என்றார் மாமா.

ஏப்ரல் வெயில். மதியம் ஒரு மணிக்கு மாமா பாயில் படுத்தார். செல்வி தெருமுனையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு தள்ளாடியது, பிறகு நின்றேவிட்டது.

"சாரே, வெளியில போங்க. வேகுது," என்றார் முருகேசன்.

"இருக்கட்டும்பா. பாதில எழுந்தா டெஸ்ட் செல்லாதுன்னுடுவா. மூணு மணி ஆயிடட்டும்."

அப்புறம் மாமா பேசவில்லை. எழுந்துபோய் அவரைத் தொடக்கூட முருகேசனால் முடியவில்லை. முருகேசன் போட்ட சத்தத்தில்தான் செல்வி ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாமா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "ஃபெயில்னு எழுதிட்டியோ, குட்டி?"

"எழுதிட்டேன் மாமா."

அன்று சாயங்காலமே போய்விட்டார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு ஃபேனுக்காக யாராவது சாவார்களா? முருகேசன்தான் என் வாயை அடைத்தார். "எனக்கு அந்தச் சூடு பழகிப்போச்சும்மா. பாவம், அவருக்குப் பழக்கமில்ல."

நாலாவது ஆளைத் தள்ளிய பிறகு, தேறியவர்களில் விலை குறைவாகப் போட்டிருந்த தேவரா ஆளுக்கு வேலை கிடைத்தது. முதல் ஃபேனைச் செல்வி வீட்டில் மாட்டினார்கள். போன வாரம் மதியம் பார்க்கப் போனேன். செல்வி வாசலிலேயே விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். முருகேசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"முழு மார்க், மாமா," என்றேன், முருகேசன் விழித்துவிடாதபடி.