கைகுடு அண்ணனும் ஆறு அம்பு முனைகளும்

எங்கள் விவேக் நகரில் எந்த ஆணுக்காவது இடது முன்கையில் முடி இருந்தால், அந்த ஆள் ஏரியாவுக்குப் புதுசு என்று அர்த்தம். எல்லாம் சாணை பிடிக்கும் கைகுடு அண்ணன் வேலை.

தையல் கத்தரியோ, பிரியாணிக் கடைக் கத்தியோ, தீட்டியதும் முடியை மழித்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. சொந்தக் கைகள் இரண்டும் எப்போதோ வழுக்கையாகிவிட்டதால், போகிற வருகிறவர்களை மறிப்பார்.

"குரு, ஸ்வல்ப கை குடு!" என்பார், பாதிக் கன்னடத்தில்.

நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய என்னைக்கூட விடவில்லை. தோல் வியாதியா என்று பெண் வீட்டார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்றே முடிவெடுத்தேன், இடது கை போனது போகட்டும், வலது கையைச் செத்தாலும் தர மாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், அங்கே லைசென்ஸ் வாங்கி வில்லும் அம்புமாக வேட்டைக்குப் போகிறவர். அண்ணனைப் பற்றிப் போனில் நான் அடித்த பெருமையை நம்பி, லீவுக்கு வரும்போது மழுங்கிய ஆறு அம்பு முனைகளைக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொன்றிலும் மூன்று பிளேடு. அன்று ஆட்டோ ஸ்டாண்டே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் மாமா கையும் மொட்டை.

"இது எதுக்கு சார்?"

"மான் அடிக்க."

கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாத மனுஷன் அண்ணன். முனைகளை டப்பாவில் போட்டு மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தர மாட்டேன், போங்க."

மாமாவுக்கு மறுநாள் ஃப்ளைட். "சரிப்பா, திரும்ப மொக்கையாக்கியாவது குடு!"

"மொக்கை அம்பு பட்டா காடெல்லாம் ஓடித் தவிக்கும் சார். அந்தப் பாவம் எனக்கு வேணாம்!"

முனகிக்கொண்டே எழுந்து, ஆறையும் இன்னொரு தரம் தீட்டித் தந்தார். "குறி தப்பணும்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திடுவேன், சொல்லிட்டேன்."

அதிலிருந்து என்னைப் பார்த்தாலே, "மானு எப்படி இருக்கு?" என்பார்.

போன மாதம் மாமாவின் போட்டோ வந்தது. காலடியில் மான். 'ஒரே அம்பு. பத்தடிகூட ஓடலை. இப்படி ஒரு கூர் பார்த்ததே இல்லைன்னு உங்க ஆள்கிட்ட சொல்லு.'

அண்ணன் தொழிலுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"மானு?" என்றார், சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு.

"தப்பிச்சிடுச்சுண்ணா."

"பாத்தியா! எல்லாம் மெழுகுவத்தி!" முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே பக்கத்திலிருந்த கத்தியை எடுத்தார். "குரு, கை குடு!"

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வலது கையை நீட்டினேன்.