மந்தாகினியின் கண்ணாடி டம்ளர்

நான் ஒரு காலத்தில் ஆள் கடத்தலை ஆதரித்து எழுதியவள். என் கையால் மூன்று கதாநாயகிகளைக் கடத்தியிருக்கிறேன். கடத்தியவனையே அவர்கள் கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, "அவரோட கோபத்துக்குப் பின்னால ஒரு காயம் இருக்கு" என்று கண்ணீர் விடுவார்கள். எழுதும்போது நானும் விடுவேன். (வெங்காயம் நறுக்கும்போதுகூட எனக்கு அவ்வளவு வந்ததில்லை.)

புரியும்படி சொல்லிவிடுகிறேன். செல்போனில் தொடர்கதை படிக்கிற ஆப்களில் 'ஆன்டி ஹீரோ' கதை என்று ஒரு ரகம் உண்டு. நாயகன் கெட்டவன், பணக்காரன், ஆறடிக்குக் குறையாதவன். நான் அதில் புதுமை செய்வதாக நினைத்துக்கொண்டு, சின்ன வயதில் படித்த தேவதைக் கதைகளைக் கொண்டுவந்து சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிட்டேன். என் சிவப்புக் குல்லாய்ப் பெண் பொத்தேரி ஹாஸ்டலில் இருந்தாள். ஓநாய்க்குக் கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனி. மூன்றாவது கதைதான் சிண்டரெல்லா. தலைப்பு, 'பாதம் தேடிய அரக்கன்'. நாயகி சாம்பவி, தாம்பரம் ஸ்டேஷனில் பீச் லோக்கலைப் பிடிக்க ஓடும்போது ஒற்றைச் செருப்பை விட்டுவிடுகிறாள். ஏழு கார் வைத்திருக்கும் அக்னிவேந்தன் அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அவளைத் தேடுகிறான். ஏழு கார் வைத்திருப்பவனுக்கு ரயில்வே ஸ்டேஷனில் என்ன வேலை என்று ஒரு வாசகி கேட்டார். 'விதி' என்று பதில் போட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். புனைபெயர் மாயநிலா. சேலையூரில் எங்கள் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. நான் ஆபீஸ் மெயில்தான் தட்டுகிறேன் என்று என் கணவர் கணேஷ் நம்பிக்கொண்டிருந்தார்.

சிண்டரெல்லா என்றால் கொடுமைக்கார மாற்றாந்தாய் வேண்டுமே. மந்தாகினி என்று பெயர் வைத்துவிட்டேன். ஆளுக்கு எங்கே போவது? வீட்டிலேயே மாமியார் இருந்தார். உண்மையைச் சொன்னால் அத்தை கொடுமைக்காரர் இல்லை. பால் பொங்கி வழிந்தால், "கவனம் எங்கம்மா இருக்கு?" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நான் மூன்று அத்தியாயமாக இழுத்தேன். அவர் டீத்தூள் டப்பாவில் ஸ்பூனால் கோடு போட்டு வைப்பது, ஃப்ரிட்ஜைத் திறந்து தக்காளியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது, எல்லாம் அப்படியே மந்தாகினிக்குப் போயின. வாசகிகள் கொதித்தார்கள். அதிலும் 'ரோஜாமொட்டு' என்றொரு ரசிகை. எபி, அதாவது எபிசோட், போட்ட பத்தாவது நிமிடம் வந்து நிற்பார். 'இந்தப் பொம்பளையைச் சும்மா விடாதீங்க ரைட்டர். நல்லா அசிங்கப்படணும்.'

அசிங்கப்படுத்த என்னிடம் ஒரு சரக்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அதற்கு எட்டு மாதம் முன்பு அத்தைக்கு மேல்வரிசைப் பல் முழுக்க எடுத்துப் பல்செட் வைத்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டரிடம் கூடப் போனவள் நான் ஒருத்திதான். பெற்ற பிள்ளையிடமே முட்டிவலி வைத்தியம் என்று சொல்லியிருந்தார். மூன்று சகோதரிகளில் மூத்தவர். பல்லாலேயே கரும்பு உரிப்பார், தங்கைகள் இருவரையும் "ஒழுங்கா பல்லு விளக்கினா ஏன்டி கொட்டுது?" என்று முப்பது வருடம் திட்டியவர். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹேமா, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. முக்கியமா என் தங்கச்சிங்ககிட்ட" என்றார். "சேச்சே, சொல்வேனா அத்தை" என்றேன். சொல்லவில்லை. எழுதினேன்.

நாற்பத்தோராவது எபியை ஒரு சனிக்கிழமை மத்தியானம் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தீபாவளி முறுக்கு சுற்றுவதற்காக அத்தையின் தங்கைகள், பம்மல் சித்தியும் ஊரப்பாக்கம் சித்தியும் வந்திருந்தார்கள். நான் மாவு பிசைய உட்கார்ந்தேன். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"புது எபி வந்திருக்குடி. படிக்கட்டுமா?"

"என்ன எபி அத்தை?" என்றேன்.

"உனக்குப் பிடிக்காதும்மா. நீ இங்கிலீஷ் படிக்கிறவ." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாதம் தேடிய அரக்கன். அத்தியாயம் நாப்பத்தொண்ணு."

என் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அந்த மந்தாகினிக்கு இன்னிக்காச்சும் ஆப்பு கீதா?" என்றார் பம்மல் சித்தி.

"இருக்கும். நான்தான் வாராவாரம் ரைட்டருக்கு கமெண்ட் போடறேனே, ரோஜாமொட்டுன்னு."

என் மாமியார் பெயர் சரோஜா என்பது இரண்டு வருடமாக எனக்குத் தெரியும். (புத்திசாலி மருமகள் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள்.) மாவுக் கையோடு ஹாலுக்கு ஓடி, வைஃபை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஷாக் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"அத்தை, நெட் போயிடுச்சு போல."

"போனா போகட்டும். என்கிட்ட டேட்டா இருக்கு."

"எண்ணெய் காயுது அத்தை."

"சிம்ல வைம்மா. 'அக்னிவேந்தன் அவளை நெருங்கினான். அவன் மூச்சுக்காற்று...' ம்ம். இங்க ஒரு நாலு பாரா அந்த மாதிரி இருக்கு. தள்ளிட்டேன்."

நான் வியர்க்க விறுவிறுக்க எழுதிய நாலு பாரா. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"இன்னாக்கா நீ! எப்பப் பாரு தள்ளிக்கினே போற?" என்று பம்மல் சித்தி சண்டைக்கு வந்தார். "நாங்க இன்னா கொயந்தைங்களா? இனிமே ஒரு வரி தள்ளினாலும் போனைப் பிடுங்கி நானே படிச்சிடுவேன்."

"சரி சரி, தள்ளல" என்று அத்தை தொடர்ந்தார். "'கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. மந்தாகினி கதவைத் தாழிட்டாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். வாயில் கைவைத்து...'"

நின்றுவிட்டார்.

அடுத்த வார்த்தை எனக்கு மனப்பாடம். 'வாயில் கைவைத்துப் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டாள். வெற்று ஈறைக் காட்டி அவள் சிரித்தபோது சாம்பவி மயங்கிச் சரிந்தாள்.' அதற்குக் கீழே நான் மூன்று பேய் பொம்மை வேறு போட்டிருந்தேன்.

"வாய்ல கைய வச்சு?" என்றார் ஊரப்பாக்கம் சித்தி. பம்மல் சித்தியின் கை போனை நோக்கி நீண்டது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தார்.

"'வாயில் கைவைத்து அழுதாள்.'"

"வில்லி ஏன்க்கா அழுவுறா?"

"இரு, சொல்றாங்க. 'ஊர் முழுக்க அவளை ராட்சசி என்றது. அவள் தன் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு ரகசியத்தை ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மகள் மாதிரி என்று நம்பிச் சொன்னாள். அவளோ அதை வெற்றிலை பாக்கு வைத்து ஊருக்கே கொடுத்துவிட்டாள். தொடரும்.'"

அந்த எபியில் அப்படி ஒரு அழுகையும் கிடையாது, வெற்றிலை பாக்கும் கிடையாது. அது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஐயோ பாவம்டி" என்று ஊரப்பாக்கம் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ரகசியம்க்கா?"

"அது அடுத்த எபில வரும்" என்று அத்தை போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதல் ஈடு முறுக்கு வெந்து வந்தது. "அக்கா, பதம் பாரு. உன் பல்லுதான் கரெக்டா சொல்லும்" என்று பம்மல் சித்தி ஒன்றை நீட்டினார். அத்தை அதை வாங்கி அப்படியே என்னிடம் தந்தார்.

"ஹேமா பாக்கட்டும். இந்த வீட்டுல இப்ப அவளுக்குத்தான் பல்லு கூர்மை."

கடித்தேன். மாவில் உப்பே போடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சித்திகள் கிளம்பியதும் பாத்ரூமில் உட்கார்ந்து எபியைத் திருத்தினேன். என் வரிகளை அழித்துவிட்டு, அத்தை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் தட்டினேன். அதற்கு வந்த பாராட்டு என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் வந்ததில்லை. அத்தையின் அறைக் கதவு மட்டும் ஏழு மணி வரை சாத்தியே இருந்தது. திறந்ததும் போய் நின்றேன். வெட்கத்தில் தலையைத் தூக்க முடியவில்லை.

"அத்தை, மன்னிச்சிடுங்க. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"டீத்தூள்ல நான் கோடு போடறது உனக்காக இல்ல. எறும்பு வருதான்னு பாக்க. தக்காளியைத் தொட்டுப் பாத்தது, அழுகப் போறதை நான் என் ரசத்துக்குக் கரைச்சிட்டு நல்லதை உனக்கு விடறதுக்கு" என்றார். இதைவிட அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

கதையை நான் முடிக்கவே இல்லை. பாவம், சாம்பவி இன்னும் அக்னிவேந்தனின் கெஸ்ட் ஹவுஸில்தான் இருக்கிறாள். இரண்டு வருடம் கழித்துப் பம்மல் சித்திக்கும் பல்செட் வந்தது. அவர் எங்கள் சமையலறையில் அழுதுகொண்டே அதைக் கழற்றிக் காட்ட, அத்தையும் தன்னுடையதைக் கழற்றிக் காட்ட, அக்கா தங்கைகள் மூன்று பேரும் புரையேறச் சிரித்தார்கள். ஆனால் அதையும் மந்தாகினி கதையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கச் சித்திகளுக்குத் தோன்றவில்லை. "அந்த மந்தாகினி ரகசியம் இன்னாதாங்க்கா?" என்று பம்மல் சித்தி இன்றும் கேட்கிறார். எங்கள் வீட்டில் பதில் சொல்ல விருப்பமில்லாத எந்தக் கேள்விக்கும் இப்போது ஒரே பதில்தான். ராத்திரிக்கு என்ன டிபன் என்று கணேஷ் கேட்டால்கூட, அது அடுத்த எபில வரும்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அத்தையிடம் கொடுத்தேன். (அன்றிலிருந்து இதுதான் வீட்டுச் சட்டம்.) பொறுமையாகப் படித்தார்.

"பல்லைப் பத்தி எழுதினது பரவாயில்ல. அதான் இப்போ எல்லாருக்கும் தெரியுமே. ஆனா மந்தாகினி அழுதாங்கிறது நான் கதைக்காகச் சொன்னது. படிக்கிறவங்க நான் அழுதேன்னு நெனச்சுப்பாங்க. நான் அழலேன்னு தெளிவாப் போட்டுடு."

போட்டுவிடுகிறேன். அத்தை அழவில்லை.

"அப்போ ஏழு மணி வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணீங்க அத்தை?" என்று கேட்டேன்.

"அது அடுத்த எபில வரும்" என்றார்.