முதல் மாடிக்கு மேல் போகக்கூடாத மகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். அங்கு எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

உன் அக்கா பெற்ற செல்வம் பாராசூட்டோடு குதித்துப் பிழைப்பவள் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு காலணிக் கம்பெனி விளம்பரத்துக்காக, கட்டி முடியாத இருபது மாடிக் கட்டடத்திலிருந்து குதித்தாள். காற்று திசை மாறி, போலீஸ் ஸ்டேஷன் மொட்டைமாடியில் இறங்கிவிட்டாள். இறங்கியவள் பேசாமல் வந்திருக்கலாம் அல்லவா? அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்து, பாராசூட் கயிற்றில் சிக்கிக்கொண்ட கால்சட்டையைக் கையில் பிடித்தபடி படியிறங்கி, “சார், இது யாருது?” என்று கேட்டிருக்கிறாள். இன்ஸ்பெக்டருடையது.

அத்துமீறல், பொதுமக்களுக்கு ஆபத்து என்று வழக்கு. நீதிபதி ஜாமீன் கொடுத்தார். ஆனால் தீர்ப்பு வரும்வரை முதல் மாடிக்கு மேல் ஏறக்கூடாதாம். நம் வீடு நாலாவது மாடி! அதைச் சொல்ல எழுந்தேன். “உக்காருங்க பெரியவரே” என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதனால் அவள் இப்போது கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் பின்னறையில் இருக்கிறாள். மூன்று வேளையும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்குகிறேன். லிஃப்ட் வழக்கம்போல் ஓய்வில். உன் அக்கா பால்கனியிலிருந்து “ஏண்டி, சாப்டியா?” என்கிறாள். “சாப்டேம்மா, கத்தாத!” என்று இவள் கத்துகிறாள். தெருவுக்கே எங்கள் சாப்பாட்டு நேரம் மனப்பாடம். இதற்கிடையில் கம்பெனியிலிருந்து நோட்டீஸ்: ஒப்பந்தப்படி இன்னொரு முறை குதிக்காவிட்டால் வழக்கு. குதித்தால் ஜாமீன் ரத்து. “எங்கயாவது ஆபீஸ்ல உக்காரக் கூடாதாம்மா?” என்றேன். “நீங்க முப்பது வருஷம் உக்காந்தீங்களே, முதுகு வலி யாருக்குப்பா?” என்கிறாள்.

சிரிக்காதே. அன்று பாராசூட் இரண்டு நொடி தாமதமாக விரிந்ததாம். எனக்குச் சொல்லவில்லை, தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. நீ வக்கீல். அந்தத் தடையை ஆயுள் முழுவதற்கும் நீட்டிக்கச் சொல்லி என் பெயரில் ஒரு மனு எழுது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோரும் தரையிலேயே நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்

பி.கு.: மேலே உள்ளது ஞாயிறன்று எழுதியது, இன்று வியாழன். மனு வேண்டாம். குடும்பத்தில் வேறு யார் குதித்தாலும் சரி என்று கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். “அப்பாவா? வேணாம், பயந்துடுவாரு” என்றாள் இவள். அந்த ஒரு சொல் போதாதா? முறையான அனுமதியோடு, ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டி, நேற்று விமானத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். விழும்போது முதலில் உன் அக்காவைத்தான் கூப்பிட்டுக் கத்தினேன். பாராசூட் விரிந்து மிதக்க ஆரம்பித்த பிறகு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கீழே இவள் தலையில் கைவைத்து நின்றிருந்தாள். “ஏம்ப்பா இவ்ளோ நேரம்?” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். காற்றடித்து என் உதடு வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னேன். உன் அக்கா நம்பிவிட்டாள். இன்னும் இரண்டு பல் பாக்கி என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.