பல் டாக்டரின் திடீர் ஜாஸ் மோகம்

இந்தத் தடவை மனைவியை எப்படியாவது ஜாஸ் கச்சேரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவது என்று பல் டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

ஊரில் கச்சேரிக் காலம். சனிக்கிழமை பெரிய அரங்கில் கிளாசிக்கல். நாலு பேர் உட்கார்ந்து வயலினும் செல்லோவும் இழைப்பார்கள். ஞாயிறு அதே மேடையில் ஜாஸ். ஜாஸ் மேல் அவருக்குக் காதலெல்லாம் கிடையாது. கோளாறு காதில்.

வருஷக்கணக்காகப் பல்லைக் குடைந்த இயந்திரம் அவர் காதையும் சேர்த்துக் குடைந்திருந்தது. மனைவியோ நூலகர். பகலெல்லாம் குசுகுசுவென்று பேசிப் பழகி, வீட்டிலும் அதே குரல். அவள் எதிரே உட்கார்ந்தால் டாக்டர் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். மற்ற நேரத்தில் புன்னகையோடு ஒரு தலையாட்டல். 'பொண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன்' என்று அக்கம்பக்கத்தில் பெயர்கூட வாங்கியிருந்தார். கிளாசிக்கலுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும். எப்போது முடிகிறது, எப்போது கைதட்டுவது என்றே தெரியாது. டிரம்ஸ் என்றால் நெஞ்சிலேயே வந்து இடிக்கும்.

"கிளாசிக்கல் எதுக்கு? கொட்டாவிதான் வரும். ஜாஸுக்குப் போலாம்."

"ஜாஸ்னா பாத்திரக்கடை சரிஞ்ச மாதிரி இருக்குன்னு போன வருஷம் சொன்னீங்க?"

"இப்ப ரசனை வளர்ந்துடுச்சு!"

"கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பி, பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அழகாகத் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரம் பூட்டவைத்துக் காரில் ஏற்றிக்கொண்டாள். கார் நின்ற இடத்தில் ஒரு பலகை: காது, மூக்கு, தொண்டை.

"இங்க எதுக்கு?"

"நீங்கதானே சரின்னீங்க?"

"நானா? எப்போ?"

"நேத்து. 'உங்க காதைக் காட்ட நேரம் வாங்கியிருக்கேன், வருவீங்களா'ன்னு கேட்டேன். தலையாட்டினீங்க."

"அப்படியா கேட்டே?"

"சந்தேகமா இருந்துச்சு. அதனால 'நீங்க ஒரு மகா புளுகர்தானே'ன்னும் கேட்டேன். அதுக்கு இன்னும் பலமா ஆட்டினீங்க."

டாக்டர் ஸ்டியரிங் பக்கம் பார்த்தார். சாவி அவள் கையில் இருந்தது.

"கிழவன்னு நினைச்சுடுவியோன்னுதான் சொல்லலை."

"என் பேச்சே உங்களுக்குப் பிடிக்காமப் போச்சோன்னு நான் இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். எத்தனையோ பேரிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கியவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசோதித்த காது டாக்டர் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவியைக் காதில் மாட்டி, பழகிப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் அவள் வண்டி ஓட்டிக்கொண்டே ஏதோ ராகத்தை முணுமுணுத்தாள். அவள் பாடுவாள் என்பதே டாக்டருக்கு மறந்து போயிருந்தது. வீடு வந்த பிறகும் இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கிளாசிக்கலுக்கும் அவள் முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். சனிக்கிழமை அரங்கில் விளக்கு மங்கியது. வயலின்காரர் மூச்சை இழுப்பது கேட்டது. செல்லோவின் வில் தந்தியில் வந்து உட்கார்வது கேட்டது. பின்வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார்கள். அதுகூட அவருக்கு இனித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசிப்பு முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார்.

இடைவேளையில் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "இதெல்லாம் உன்னாலதான். உனக்கு என்ன வேணுமோ கேளு. எதுன்னாலும் சரி."

அவள் உதடு அசையாத நூலகக் குரலில் சொன்னாள்: "நாளைக்கு ஜாஸ்ல டிரம்ஸ் வாசிக்கறது என் தம்பிதான். சத்தம் தாங்கலைன்னு வீட்டுக்காரங்க அவனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். டிரம்ஸோட நம்ம மாடி அறைக்கு வந்துடச் சொல்லட்டுமா?"

ஒரு எழுத்து விடாமல், கணீரென்று கேட்டுத் தொலைத்தது.