வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று

"பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம். நம்மாளுங்க நேபாளம் போறதுக்கு ஒரு பேப்பரும் வேணாம். கையை வீசிக்கிட்டு வாங்க சார்" என்றார் பழனிவேல். யாத்திரைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போவது அவர் தொழில்.

அய்யம்பெருமாளால் அதை நம்ப முடியவில்லை. பெரம்பலூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாகக் கிளார்க். பேப்பர் இல்லாமல் வந்த ஒருவரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. கல்யாணமானதிலிருந்து மனைவி கொளஞ்சியம்மாளை அவர் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் பக்கத்து மாவட்டத்துத் திருமழபாடி. இந்தத் தடவை காத்மாண்டு பசுபதிநாதரை அவளோடு சேர்ந்து கும்பிட்டே தீருவது என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"வேணாங்கறதுக்கு ஆதாரம்?"

"அதுக்கு எதுக்கு சார் ஆதாரம்?"

"பார்டர்ல கேட்டா?"

"கேக்க மாட்டாங்க சார்."

"கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

பழனிவேல் பக்கத்தில் நின்ற கொளஞ்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"டிக்கெட்டை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க பேப்பரைப் பாருங்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மறுநாளே, விசா தேவையில்லை என்பதற்குச் சான்று கேட்டுத் தம் ஆபீஸுக்கே மனுப் போட்டார். அங்கே வரும் மனுக்களைப் பரிசீலிப்பவரும் அவரே. சொந்த மனுவுக்குச் சலுகை காட்டினால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? 'இணைப்பு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் தமக்கே திருப்பி அனுப்பினார்.

தபாலில் அது வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவன்யா இந்த கிளார்க்கு? மனுசனா அவன்?"

கொளஞ்சியம்மாள் காபியை நீட்டினாள்.

இணைப்புக்காகக் கடைவீதிக் கூர்க்காவைப் பிடித்தார்.

"ஊருக்குப் போறப்ப பார்டர்ல உன்னை என்ன கேப்பாங்க?"

"டீ வேணுமா கேட்டான் சாப்."

அதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கி மனுவோடு இணைத்தார். ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தபோது சந்தேகம் வந்தது. 'சாட்சி நேபாளக்காரர்தான் என்பதற்குச் சான்று எங்கே?' என்று மறுபடி தமக்கே திருப்பினார். அன்றிலிருந்து கூர்க்கா அவரைக் கண்டால் வேறு தெருவில் நடந்தான்.

புறப்படும் நாளும் வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் ரயிலைப் பிடிக்கக் காலையிலேயே அரியலூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அய்யம்பெருமாள் ஆபீசரின் காலில் விழாத குறை.

"என்னய்யா எழுதணும்? சொல்லித் தொலை!" என்றார் ஆபீசர்.

'மேற்படியாருக்கு விசா தேவையில்லை என்பதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.' கையெழுத்து, தேதி, மூன்று ரப்பர் ஸ்டாம்பு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அரியலூர் ஸ்டேஷனுக்குள் அவர் ஓடவும் நின்றிருந்த ரயிலுக்குச் சிக்னல் விழவும் சரியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் அவரைப் பார்த்துப் பேயறைந்தாற்போல் ஆனாள்.

"கெடைச்சுடுச்சு!" என்று பேப்பரை ஆட்டினார் அய்யம்பெருமாள். "பழனிவேல், என் டிக்கெட்டு எங்கய்யா?"

பழனிவேல் திருதிருவென்று விழித்தார்.

"உங்களுக்கா? அம்மா மொதல்லேருந்தே ஒரு டிக்கெட்டுதானே சார் போடச் சொன்னாங்க... 'பேப்பர் எதுவும் வேணாம்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க, அப்புறம் அந்த மனுசன் வரவே மாட்டாரு'ன்னு!"