அண்ணன் வைத்த ரோஜா

"ஏங்க, பூச்சிமருந்து எவ்வளவு அடிச்சீங்க?"

"பாட்டில்ல போட்டிருந்த அளவுதான். பூச்சி ஜாஸ்தியா இருந்ததால கொஞ்சம் கூட."

உயிரியல் ஆசிரியர் தலை குனிந்துகொண்டார். பால்கனித் தொட்டியில் ரோஜாச்செடி மொட்டையாக நின்றது. இறந்துபோன அண்ணன் வைத்த செடி. அண்ணி தன் மகன் வீட்டுக்குப் போகும்போது, "ஒரு வருஷம் பாத்துக்கங்க தம்பி" என்று இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். அண்ணன் நினைவாக அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"அண்ணி முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி.

"பதறாத. தண்டு இன்னும் பச்சையாத்தான் இருக்கு. வெட்டி நட்டா மைட்டாசிஸ் பாத்துக்கும்."

"அது யாரு?"

"செல் பிரியற விதம். ஒரு செல் ரெண்டாகும். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. காயம் ஆறுறது, நாம வளருறது எல்லாம் அதாலதான். துண்டுல இருந்து வர்றதும் அண்ணன் வச்ச அதே செடிதான். அதே கருஞ்சிவப்புப் பூ."

பாடம் பிசிறில்லாமல் இருந்தது. செடியை அடியொட்ட வெட்டி, துண்டு துண்டாக நட்டு, பாசம் தாங்காமல் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார். அத்தனையும் அழுகின. அடித்தண்டும் கருகிப்போயிற்று.

மிஞ்சியது, வெட்டிய கிளையில் இருந்த ஒரு பழுத்த காய். குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று அதன் விதைகளை ஈரத்துணியில் சுற்றி, தக்காளியை நகர்த்திவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

"இதுலயாவது அதே பூ வருமா?"

"வராது," என்றார் மெதுவாக. "விதைக்கு முன்னாடி நடக்கறது மியாசிஸ்னு வேற பிரிவு. அங்க செல் தன்கிட்ட இருக்கறதைக் கலைச்சுப் போட்டுப் பாதியாக்கிடும். மகரந்தத்துல ஒரு பாதி, சூல்ல ஒரு பாதி. ரெண்டும் சேந்தா கணக்கு முழுசாயிடும், ஆனா ஆளு புதுசு."

"நம்ம பையன் மாதிரி. என் மூக்கு, உங்க பிடிவாதம்."

"அப்படி மாறிக்கிட்டே இருந்தாத்தான் ஒரே நோய்ல எல்லாம் மொத்தமா போயிடாது."

"அதை அண்ணிகிட்ட சொல்லிப் பாருங்க."

ஒரே ஒரு விதை முளைத்தது. இம்முறை அவரை அதன் கிட்டே போகவே மனைவி விடவில்லை. அண்ணி தன் மருமகளோடு வந்து இறங்கிய அன்று அது பூத்திருந்தது. வெளிறிய மஞ்சள், ஐந்தே இதழ்.

ஆசிரியர் ஒன்றையும் மறைக்கவில்லை. "செடி போயிடுச்சு அண்ணி. என்னாலதான். இது அதோட விதையில வந்தது."

அண்ணி தொட்டியை இரு கைகளாலும் தூக்கினாள்.

"மண்ணு காஞ்சிருக்கே தம்பி," என்று அதை அணைத்தபடி உள்ளே போனாள்.

ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் பெருமூச்சு விட்டாள்.

"அந்தச் செடியைப் பாத்துப் பாத்து அழுதே அத்தை துரும்பாயிட்டாங்க, சின்ன மாமா. பிடுங்கிப் போட மனசு வரல. உங்ககிட்ட விட்டா தானா போயிடும்னுதான் விட்டாங்க. நீங்க என்னடான்னா, அதுக்கு ஒரு பிள்ளையை வளத்துக் கையில கொடுத்திருக்கீங்க."